விட்டுப்போன கட்டுரை

போன மாதம் ஒரு புத்தகக் கடையில் என்னையும் என் நண்பரையும் எதிரும் புதிருமாக உட்கார வைத்துப் பேசச் சொன்னார்கள். இருவருக்கும் ஒரே சமயத்தில் கட்டுரைத் தொகுதி வெளியாகியிருந்தது. அவர் என் புத்தகத்தைப் புகழ்ந்தார். நான் அவர் புத்தகத்தைப் புகழ்ந்தேன். காபி வருகிற சமயத்தில் பின்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"இவர் நாவலை நீங்க பத்திரிகையிலே கிழிச்சீங்களே, சார். அந்தக் கட்டுரையைக் காணோமே?"

பக்கம் போதவில்லை என்று மழுப்பினேன். பொய்தான். நண்பர் மனம் நோகுமே என்று நானே எடுத்துவிட்டது அது.

வீட்டுக்கு வந்தபின் சார்லஸ் லாம்பின் ஞாபகம் வந்தது. லாம்பும் ஹாஸ்லிட்டும் 'லண்டன் மாகஸின்' என்ற ஒரே பத்திரிகையில் எழுதியவர்கள். லாம்ப் அதில் எழுதியவை 1823இல் 'எலியாவின் கட்டுரைகள்' என்று தொகுதியாயின. பழைய சிநேகிதரான ராபர்ட் ஸவுதே, அந்தப் புத்தகத்தில் மதவுணர்ச்சி போதாது என்று 'குவார்ட்டர்லி ரெவ்யூ'வில் ஒரு வார்த்தை போட்டுவிட்டார். சாதுவான லாம்புக்கு வந்ததே கோபம்! அந்த வருஷமே அக்டோபரில் ஸவுதேக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை அச்சேற்றினார். அதில் பலரும் ஏசிக்கொண்டிருந்த ஹாஸ்லிட்டுக்காகவும் பரிந்து பேசினார். அப்போது லாம்புக்கும் ஹாஸ்லிட்டுக்குமே மனஸ்தாபம். அதையும் மறைக்காமல்தான் எழுதினார்.

பிறகு ஸவுதேயோடு சமாதானமாகிவிட்டது. 1833இல் வந்த இரண்டாம் தொகுதியில் கடிதத்தின் கடைசிப் பகுதி, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் கல்லறைகளைப் பற்றியது, அதுமட்டும் இடம்பெற்றது. நண்பருக்காக வாதாடிய பகுதி இல்லை. ஹாஸ்லிட் 1830லேயே காலமாகிவிட்டார்.

மனிதராக லாம்ப் செய்ததில் குற்றமில்லை. ஆனால் வாசகனாகிய எனக்கு நஷ்டந்தான். தொகுதியில் நாம் காண்கிற எலியா பழைய பீங்கானையும் வறுத்த பன்றிக்குட்டியையும் ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இனிய மனிதர். அவருக்கு முதுகெலும்பும் உண்டு என்பதை அந்தக் கடிதத்தைத் தேடிப் படித்தவன்தான் அறிவான். இனிமையையே பொறுக்கிக் கோத்தால் எழுத்தாளன் பாதி ஆளாகிவிடுகிறான்.

லாம்பாவது சண்டை போட்டுச் சமாதானமான பிறகு எடுத்தார். நான் சண்டைக்கே பயந்து எடுத்தேன்.

மறுநாள் நண்பரிடம் உண்மையைச் சொன்னேன்.

"அதை ஏன் எடுத்தே? மூணாவது அத்தியாயத்தைப் பத்தி நீ எழுதினது சரிதானே!" என்றார். மற்றதெல்லாம் சுத்த அபத்தம் என்று அரைமணி நேரம் விளக்கினார். இவ்வளவையும் கடையில் சொல்லியிருக்கலாம், பெரியவர் சந்தோஷப்பட்டிருப்பார்.