நோக்கு வர்மமும் நெருப்பின் நியதியும்

தற்காப்புக் கலை வல்லோரைப் பற்றி நம்மிடையே வழங்கும் செய்திகளை இரு கூறாகப் பிரிக்கலாம். ஒன்று, பயிற்சியால் அவர் எய்திய திறன். மற்றொன்று, பயிற்சிக்கு அப்பாற்பட்டதாகச் சொல்லப்படும் ஆற்றல். கம்பு வீச்சின் விரைவு, காலடி வரிசையின் ஒழுங்கு, எதிரியின் தோளசைவைக் கண்டே அவன் அடியை முன்னுணர்தல் ஆகியன முதல் வகையின. பார்வையாலேயே ஆளை வீழ்த்துதல், தொடாமலே நரம்பை முடக்குதல், வெட்டும் குண்டும் பாயாத உடற்கட்டு ஆகியன இரண்டாம் வகையின. சிலம்பம் வேரூன்றிய விருதுநகர்ச் சீமையிலும் இவ்விரு வகைப் பேச்சும் கலந்தே வழங்குகின்றன. இவற்றைப் பிரித்தறிவது கலைக்கும் அறிவுக்கும் செய்யும் கடமை என்பது நம் கருத்து.

இரண்டாம் வகைக் கதைகளுக்கு இக்காலத்தில் பெருவாழ்வு தந்தது திரைப்படம். 1996-இல் வெளிவந்த ‘இந்தியன்’ படத்தில் முதியவர் ஒருவர் இரு விரல்களால் ஆளை முடக்கிப் போட்டார். அங்கே தொடுதலாவது இருந்தது. 2011 தீபாவளிக்கு வெளியான ‘ஏழாம் அறிவு’ அதனையும் விலக்கிற்று. பார்வை பட்ட அளவில் மனிதர்கள் ஏவலுக்கு ஆட்படுகின்றனர். அதற்கு ‘நோக்கு வர்மம்’ எனப் பெயரிட்டு, அதனைக் காஞ்சியிலிருந்து சீனம் சென்ற போதிதருமர் பெயரோடு இணைத்து, இழந்துவிட்ட தமிழ் அறிவென்று அப்படம் முன்வைத்தது. கற்பனைக்கு அங்கு இடமுண்டு. ஆயின் இளைஞர் பலர் அதனை வரலாறாகவே கொண்டனர் என்பதால்தான் சில சொல்ல நேர்கிறது.

போதிதருமரைக் குறிக்கும் மிகப் பழைய சீனக் குறிப்பு கி.பி. 547-ஐ ஒட்டியது. அது அவரை மேற்கு நாடுகளிலிருந்து வந்த பாரசீகத் துறவியென்றே சொல்கிறது. தென்னிந்தியர் என்னும் செய்தி ஏழாம் நூற்றாண்டு நூலில் வருகிறது. அவ்விரு குறிப்புகளிலும் போர்க்கலை இல்லை. உடற்பயிற்சி நூலொன்றை அவர் பெயரில் ஏற்றிச் சொல்லும் வழக்கம் 17-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. 1930-களில் சீன ஆய்வாளர்களே இதனை எடுத்துக்காட்டிவிட்டனர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளியில் பிறந்த ஒரு கதையை நம் பெருமைக்குச் சான்றாக்குவது பெருமை சேர்ப்பதாகாது.

வர்மம் என்பதே பொய்யா என்று வினவுவோர்க்கு விடை: அன்று. குமரி மாவட்டத்தில் ஆசான் வழியாகக் கற்பிக்கப்பட்டு வரும் இம்மரபு, படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 இடங்களை வகுத்துரைக்கிறது. சித்த மருத்துவக் கல்வியிலும் இதற்கு இடமுண்டு. உடலில் ஊறுபடத்தக்க இடங்கள் உள்ளன என்பதை நவீன மருத்துவமும் மறுக்கவில்லை. கழுத்தின் பக்கவாட்டில் குருதிக் குழாய் கிளைக்குமிடத்தில் அழுத்தம் நேர்ந்தால் மயக்கம் வரலாம். மார்பில், இதயத் துடிப்பின் மிக நுண்ணிய ஒரு கணத்தில் விழும் அடி, எலும்பு முறியாமலே உயிரைப் போக்கலாம். அடிபட்டவன் நலமாக எழுந்து சென்று பல நாள் கழித்து இறப்பதும் உண்டு. மண்டைக்குள் மெல்லக் கசியும் குருதியும், பின்னர் வெடிக்கும் மண்ணீரலும் அதற்குக் காரணமாகும். நாள் குறித்துக் கொல்லும் வர்மம் என்னும் நம்பிக்கை இத்தகைய மரணங்களைக் கண்டதிலிருந்து பிறந்திருக்கக் கூடும். இவை அனைத்திலும் பொதுவானது ஒன்றே: உடலில் ஓர் அழுத்தமோ அடியோ பட்டிருக்க வேண்டும். தொடுகை நீங்கின் காரணமும் நீங்குகிறது.

பள்ளி விழா மேடைகளில் காட்டப்படும் அருஞ்செயல்களுக்கும் இவ்வாறே விளக்கமுண்டு. ஆணிப் படுக்கையில் உடலின் எடை நூற்றுக்கணக்கான முனைகளில் பகிர்ந்து போகிறது. மார்பின்மேல் வைத்த கற்பலகையைச் சம்மட்டியால் உடைக்கும்போது, பலகையின் கனமே அடியின் வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது. பலகை கனமாக இருக்குந்தோறும் கீழே கிடப்பவனுக்கு ஊறு குறைகிறது. இடைவெளி விட்டு அடுக்கிய ஓடுகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைவது, சேர்த்து அடுக்கியவற்றினும் எளிது. இவற்றுக்கும் துணிவும் பயிற்சியும் வேண்டும், ஆகவே பாராட்டுக்குரியன. ‘பிராண சக்தி’ என்று பெயரிட்டு அறிவிக்கும்போதுதான் வஞ்சனை நுழைகிறது.

தொடாமல் வீழ்த்தும் ஆற்றலுக்குச் சோதனையே நடந்ததில்லையா? நடந்ததுண்டு. கையசைவினாலேயே மாணவர்களை வரிசை வரிசையாக வீழ்த்திக் காட்டிய ஜப்பானிய ஆசான் யானகி ரியூகென், தம்மை வெல்வார்க்கு ஐந்து லட்சம் யென் பந்தயம் வைத்தார். 2006 நவம்பரில் கலப்புத் தற்காப்புக் கலை வீரர் ஒருவர் அவர்முன் நின்றார். ஆசானின் கையசைவு அவரை ஒன்றும் செய்யவில்லை; வீரரின் அடியோ ஆசானைக் குருதி சிந்த வீழ்த்திற்று. 2017 ஏப்ரலில் சீனத்தின் செங்டு நகரில், தைச்சி ஆசான் வெய் லெய், ஷு சியாவ்தோங் என்னும் வீரர்முன் அரை நிமிடமும் நிற்கவில்லை. தர்ப்பூசணியின் தோல் கெடாமல் உட்சதையைச் சிதைப்பவராக அரசுத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டவர் அவர். நம் நாட்டிலும் 2008 மார்ச்சில், மந்திரத்தால் கொல்ல வல்லேன் என்ற தாந்திரிகர் ஒருவரைப் பகுத்தறிவாளர் சனல் எடமருகு தொலைக்காட்சியில் நேரலையாக அழைத்தார். மணிக்கணக்கில் மந்திரம் ஓதப்பட்டது. எடமருகு சிரித்தபடியே எழுந்து சென்றார்.

மாணவர்கள் விழுந்தனரே, அவர்கள் பொய்யரா? பெரும்பாலோர் அல்லர். ஆசானிடம் கொண்ட மதிப்பும், விழ வேண்டும் என்னும் எதிர்பார்ப்பும், உடன் பயில்வோர் விழக் கண்டதும் கூடி உடலைச் சாய்த்துவிடுகின்றன. யானகி தம்மையே பந்தயத்தில் வைத்தார் என்பதைக் கருதினால், அவரும் தம் ஆற்றலை உண்மையாகவே நம்பினார் எனத் தோன்றுகிறது. ஆசானை மாணவர் ஏமாற்றினர். மாணவரை ஆசான் ஏமாற்றினார். ஏமாற்றுகிறோம் என்பதை இரு சாராரும் அறியவில்லை. நம்பாதவன் ஒருவன் எதிரே வந்து நிற்கும்வரை இந்நிலை நீடிக்கும்.

‘மெய்யான ஆசான் தம் ஆற்றலை வெளிக்காட்டார்’ என்பது வழக்கமான மறுமொழி. அடக்கம் உயர்ந்த பண்பே. ஆயின் வெளிக்காட்டாத ஒன்றை மாணவர் எங்ஙனம் அறிந்தனர்? அறியாத ஒன்றை ஊருக்குச் சொல்வதும், அதனைக் காட்டிக் கட்டணம் வாங்குவதும் அடக்கத்தில் சேருமா?

இதுவரை கூறியவற்றை நம் வாசகர் பலர் தயக்கமின்றி ஏற்பர். இனிக் கூறுவது நம் வீட்டுச் செய்தி. அஸ்மா வேலை, தாயத்து, ஓதி ஊதிய நீர் ஆகியவற்றால் உடலுக்குக் ‘கட்டு’ கிடைக்கும் என்னும் நம்பிக்கை நம் சமுதாயத்திலும் உண்டு. அதனை ஐயுறுவோரை நோக்கி, ‘அல்லாஹ்வின் வல்லமையை மறுக்கிறீரா?’ என்னும் கேள்வி எழுகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களையும் துணைக்கு அழைப்பர். ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ நூலின் பதினேழாம் விவாதத்தில், நெருப்புக்கும் பஞ்சு எரிவதற்கும் இடையே தவிர்க்கவியலாத் தொடர்பு இல்லை என்றும், எரிதலை உண்டாக்குபவன் இறைவனே என்றும் அவர்கள் நிறுவியது உண்மை. ஆயின் இமாம் அவ்விடத்தோடு நிற்கவில்லை. அவ்வாறாயின் வீட்டில் விட்டுவந்த நூல் குதிரையாக மாறியிருக்கலாமே என்னும் எதிர்வாதத்தையும் தாமே எழுப்பி விடை கூறுகிறார்கள். இறைவன் தன் படைப்பில் ஒரு வழமையை நடத்துகிறான். அது மாறவில்லை என்னும் அறிவையும் நம்முள் படைத்திருக்கிறான் என்பது அவ்விடையின் சாரம். ஒன்று நிகழக்கூடும் என்பது வேறு. அது நிகழ்ந்தது என்பது வேறு. முன்னதை ஏற்பது ஈமான். பின்னதற்குச் சான்று வேண்டும். மேலும் கராமத் என்பது இறைவன் நாடியோர்க்கு நாடியபோது அருளுவது. பாடத்திட்டம் வகுத்து, படிநிலை பிரித்து, கட்டணத்துக்குக் கற்பிக்கப்படுவது கராமத் ஆகாது.

இந்நம்பிக்கையின் விலை சிறிதன்று. மலேசியாவில் அல்-மஊனா என்னும் இயக்கம், சிலாட் கலையோடு உள்வலிமை கற்பிப்பதாகவும், ஆயுதம் துளைக்காத உடலைத் தருவதாகவும் கூறி ஆட்களைச் சேர்த்தது. 2000 ஜூலையில் அவ்வியக்கத்தார் பேராக் மாநிலத்தில் இராணுவ நிலைகளிலிருந்து துப்பாக்கிகளைக் கவர்ந்து சாவுக் காட்டில் பதுங்கினர். பிணை பிடிக்கப்பட்டோரில் இருவர் கொல்லப்பட்டனர். அவருள் ஒருவர் தமிழரான காவல் துறையினர். முற்றுகையில் அவ்வியக்கத்தவர் ஒருவரும் குண்டு பாய்ந்தே மாண்டார். தலைவர் 2006-இல் தூக்கிலிடப்பட்டார். கட்டு எவரையும் காக்கவில்லை.

இவர்களுக்கு உஹது களம் நினைவில் இருந்திருக்க வேண்டும். அங்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரு கவசங்கள் அணிந்திருந்தார்கள், அதன் பின்னரும் முகத்தில் காயமுற்றார்கள், பல் உடைபட்டது. அகழ்ப் போரில் மதீனாவைக் காக்கத் தாமே மண் சுமந்தார்கள். தவக்குல் என்பதன் பொருளை இதனினும் தெளிவாக யார் கற்பிக்க இயலும்? கவசத்தை விடுத்துத் தாயத்தை நம்புவோர் எவரைப் பின்பற்றுகின்றனர் என்பதைத் தாமே எண்ணிப் பார்க்கட்டும்.

இமாம் கூறிய நெருப்பின் வழமையைச் சிவகாசி வட்டாரம் நாள்தோறும் கற்கிறது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கைப்படப் பயின்று வந்ததில் தொடங்கியது இந்நகரின் வளர்ச்சி. இன்றும் பட்டாசு ஆலையில் உயிரைக் காப்பன எளிய ஒழுங்குகளே: ஓர் அறையில் நால்வருக்கு மேல் கூடாமை, உராய்வைத் தவிர்த்தல், கலந்த மருந்தை மீத்து வைக்காமை, அறைக்கும் அறைக்கும் இடைவெளி விடுதல். இவை மீறப்பட்டபோது என்ன நேரும் என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி காட்டிற்று. 35-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருந்துக்கு ஆள் தெரியாது. ஆசானையும் மாணவனையும், கட்டு உடையவனையும் இல்லாதவனையும் அது வேறுபடுத்துவதில்லை.

சிலம்பக் கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் அங்கு எதிர்பார்க்க வேண்டியதும் இத்தகைய ஒழுங்கையே. ஆண்டுக்கணக்கில் விடியலில் எழுந்து காலடி பழகி, கை காய்த்து, அடிபட்டுத் தேர்ந்த ஓர் ஆசானைப் பார்த்து ‘இவருக்கு ஏதோ சக்தி உண்டு’ என்று சொல்வது புகழ்ச்சியன்று. அவர் உழைப்பைப் பறித்து, இல்லாத ஒன்றுக்குக் கொடுத்துவிடுவதாகும்.