டயோடு எந்தப் பக்கம்?

பத்மினி, அம்பாசடர் காலத்து பெட்ரோல் வண்டி வழியில் நின்றுபோனால் முதலில் எழும் சந்தேகம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் காயிலின் கரண்டை வெட்டுகிறதா என்பதுதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்ப்பார்கள். மூடியைத் தொடாமலே இதற்கு விடை சொல்கிற விளக்கு ஒன்றுண்டு. ஒரு எல்.இ.டி., இரண்டு 470 ஓம் ரெசிஸ்டர், 1என்4007 டயோடு ஒன்று, 1என்4148 ஒன்று, அவ்வளவே சாமான். இவ்வளவு சிறியதில் இத்தனை யோசனையா என்று வியக்க வைக்கும் சர்க்யூட் அது.

சாவி போட்டதும் காயிலுக்கு வரும் பாசிட்டிவிலிருந்து எல்.இ.டி. வழியாகக் காயிலின் நெகட்டிவ் முனைக்கு ஒரு பாதை. பாயிண்ட் சேர்ந்திருந்தால் அந்த முனை எர்த்; விளக்கு எரியும். பிரிந்தால் அணையும். காயிலில் ஓடுவது சுமார் 4 ஆம்பியர். விளக்கு எடுப்பது 12 மில்லி ஆம்பியர். தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்பதே காயிலுக்குத் தெரியாது.

சிக்கல், பாயிண்ட் பிரியும் கணத்தில். எர்த்தாக இருந்த முனை சட்டென்று 300 வோல்ட் அளவுக்கு எகிறும். எல்.இ.டி. தலைகீழாகத் தாங்குவதோ 5 வோல்ட். ஆகவே 1,000 வோல்ட் தாங்கும் 4007 காவலுக்கு நிற்கிறது. இதுவரை யாரும் போடுவதுதான். எனக்குப் பிடித்தது, அதை எங்கே வைக்கிறார்கள் என்பது.

தாளில் வரைந்தால் டயோடு ஒயரின் எந்த முனையில் இருந்தாலும் ஒன்றுதான். வண்டியில் அப்படியல்ல. டேஷ்போர்டுப் பக்கம் வைத்தால் பானெட்டுக்குள்ளிருந்து உட்காரும் இடம்வரை அந்த 300 வோல்ட் ஒயரிலேயே பயணம் செய்யும். ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் காயில் முனை எர்த்தாகி, நடுரோட்டில் எஞ்சின் நின்றுவிடும். கோளாறு காட்ட வைத்த விளக்கே கோளாறாகும்! காயில் முனையிலேயே 4007-ஐயும் ஒரு 470-ஐயும் சாலிடர் வைத்துவிட்டால், ஒயர் உரசினாலும் டயோடு மறித்துக்கொள்ளும். பொறி பாட்டுக்குப் பொறியும். மற்ற 470 எல்.இ.டி. பக்கம் இருப்பதால் அதில் 25 மில்லி ஆம்பியருக்கு மேல் ஏறாது, கருகாது. அதோடு விடவில்லை: ஐடிலிங்கில் துடிக்க வேண்டிய விளக்கு அசையாமல் எரிந்து, ஒயர் உரசிவிட்டதென்று தானே சொல்லிக்கொடுக்கும். ரெசிஸ்டரை இரண்டாகப் பிரித்தவரின் கை அனுபவப்பட்ட கை.

4148-இன் வேலை இன்னும் நுணுக்கம். 4007 வலுவானது, ஆனால் மந்தம். கதவை அடைக்கச் சில மைக்ரோ விநாடிகள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் கொஞ்சம் கரண்ட் பின்னோக்கி நழுவும். எல்.இ.டி.க்குக் குறுக்கே எதிர்த்திசையில் கட்டிய 4148 அதற்கு வழிவிட்டு, எல்.இ.டி.யின் மேல் ஒரு வோல்ட் அளவுக்கு மேல் விழாமல் பார்த்துக்கொள்கிறது.

பாயிண்ட் அழுக்கானால் விளக்கு சற்று மங்கும், கண்ணுக்குப் பிடிபடுவது கஷ்டம். ஒரு ஜீனர் டயோடு சேர்த்து இதைக் கூர்மையாக்கலாமே என்று தோன்றும். ஆனால் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்குச் சரியும், ஜீனர் வைத்த விளக்கு அப்போது பார்த்து அணைந்துபோகும். விளக்கு தேவைப்படுவதே அந்த நேரத்தில்தான். சேர்க்காமல் விட்டது சரி.

படிப்பது சுலபம். செல்ஃப் அடிக்கும்போது வெட்டி வெட்டி எரிந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. எரிந்தபடியே நின்றால் பிரியவில்லை. எரியவே இல்லையென்றால் சேரவில்லை, அல்லது காயிலுக்குக் கரண்டே வரவில்லை. நாலு சிலிண்டர் எஞ்சின் 800 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 27 தடவை வெட்டும், துடிப்பு லேசாகத் தெரியும். வேகம் கூடக்கூட ஒரே வெளிச்சம். வெட்டி எரிந்தும் வண்டி கிளம்பாவிட்டால் கண்டென்சர், ரோட்டர், பிளக் ஒயர் பக்கம் போக வேண்டியதுதான்.

கேட்காமலே சொல்லும் ஒரு செய்தியும் உண்டு. எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருக்க, விளக்கு எரிகிறதென்றால் காயில் ஏறக்குறைய 50 வாட்டில் சும்மா சூடேறிக்கொண்டிருக்கிறது. சாவியைப் போட்டு வைத்துப் பாட்டுக் கேட்பவர்கள் அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்வது காயிலுக்கு நல்லது.