குடியிருப்பதும் தங்குவதும்: பார்சிலோனாவின் நாள்வாடகை வீடுகளை வாசித்தல்

1

பார்சிலோனாவின் கோதிக் வட்டாரத்தை ஒட்டி நாள்வாடகைக்கு விடப்படும் வீடுகளின் விளம்பரங்களைக் கொஞ்ச காலமாக வாசித்து வருகிறேன். போய்த் தங்குவதற்காக இல்லை. ஓர் எழுத்து வகையாக. வாசிக்க வாசிக்க அதற்கென்று ஒரு யாப்பு இருப்பது பிடிபடுகிறது. முதலில் தூரம்: வரலாற்று மையத்திலிருந்து இத்தனை நிமிட நடை. அடுத்து பழமை: மர உத்தரம், பூச்சில்லாத கல் சுவர், பூவேலை ஓடு பதித்த தரை. அடுத்து வசதி: குளிர்சாதனம், துவைக்கும் இயந்திரம். கடைசியாக வாழ்க்கை. கீழே ரொட்டிக்கடை, தெருக்கோடியில் சந்தை, சுற்றிலும் 'அசலான' உள்ளூர் மக்கள். இந்தக் கடைசி உறுப்பை வைத்துத்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

ரோலான் பார்த்தின் 'தொன்மங்கள்' (1957) நூலில் நீல வழிகாட்டி என்கிற பிரெஞ்சுப் பயண நூல் வரிசையைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை உண்டு. ஃபிராங்கோ ஆண்டுகொண்டிருந்த ஸ்பெயினை அந்த வழிகாட்டி எப்படி எழுதுகிறது என்று பார்க்கிறார். மலை இருக்கிறது, தேவாலயம் இருக்கிறது, மனிதர்களைக் காணோம். இருந்தாலும் வகைமாதிரிகளாக இருக்கிறார்கள். சின்னங்களைக் காட்டிக் காட்டியே நிகழ்காலத்தை மறைக்கிற வேலை இது என்பது அவர் முடிவு.

நம்மில் பலருக்குப் பண்பாட்டு விமர்சனம் இந்த இடத்தில்தான் தொடங்கியது. மறைக்கப்பட்ட மனிதர்களை வெளியே கொண்டு வா, அன்றாட வாழ்வைப் பேசு, கல்லை விட்டுவிட்டு ஆளைப் பார் என்றோம். சரி. ஆனால் நாள்வாடகை விளம்பரம் மனிதர்களை மறைக்கவில்லையே. அவர்களைத்தான் முன்னால் நிறுத்துகிறது. 2008-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஏர்பிஎன்பி நிறுவனம், 2016 விளம்பரத்தில், அங்கே போகாதீர்கள், அங்கே வாழுங்கள் என்ற பொருளில் ஒரு முழக்கத்தை வைத்தது. பார்த்தின் விமர்சனத்தைச் சந்தை உள்வாங்கிச் செரித்துவிட்டது. அன்றாடம் இப்போது ஒரு சரக்கு.

2

இந்தச் சரக்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டுமானால் கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். கோதிக் வட்டாரம் என்று சொல்கிறோமே, அதில் கணிசமான பகுதி இருபதாம் நூற்றாண்டின் கட்டுமானம். அந்தப் பெயரே புதுசு. முன்பு அது தேவாலய வட்டாரம். 1908-இல் லாயெதானா வீதியை வெட்டத் தொடங்கினார்கள். பழைய நகரத்தைப் பிளந்துகொண்டு துறைமுகம் வரை ஒரு நேர்கோடு. 2000-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின; ஆயிரக்கணக்கானோர் குடிபெயர்ந்தார்கள். இடிபாட்டிலிருந்து அழகான முகப்புகளை மட்டும் காப்பாற்றினார்கள். பதேயாஸ் மாளிகையை 1931-இல் கல் கல்லாகப் பெயர்த்து வந்து அரசர் சதுக்கத்தில் நிறுத்தினார்கள். நகர வரலாற்று அருங்காட்சியகம் அதில்தான் அமைந்தது. பிஸ்பே தெருவின் மேலே உள்ள பாலத்தை வாய்பிளந்து பார்க்காத பயணி கிடையாது. அதைக் கட்டியவர் ஜோவான் ருபியோ, ஆண்டு 1928. இடைக்காலத் தேவாலயம் என்கிறோம். அதன் நடுக்கோபுரம் முடிந்தது 1913-இல். 1929-இல் உலகக் கண்காட்சி வரவிருந்தது. வருகிறவருக்குக் காட்ட ஒரு பழமை தேவைப்பட்டது.

சான் ஃபெலிப் நெரி சதுக்கம் இன்னும் கூர்மையான உதாரணம். 1938 ஜனவரி 30 அன்று ஃபிராங்கோவுக்குத் துணைநின்ற இத்தாலிய விமானங்கள் அங்கே குண்டு போட்டன. 42 பேர் செத்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். தேவாலயச் சுவரில் சிதறல் தழும்புகள் இன்றும் இருக்கின்றன. போருக்குப் பிறகு, நகராட்சிக் கட்டடக் கலைஞர் அதோல்ஃப் ஃப்ளோரென்சாவின் காலத்தில், வேறிடங்களிலிருந்து செருப்புத் தைப்போர், செம்புக் கொல்லர் சங்கங்களின் பழைய முகப்புகளைக் கொண்டுவந்து அந்தக் காயத்தைச் சுற்றி நட்டார்கள். சுவர்த் தழும்புகளுக்கோ, எதிர்த்தரப்பு ஆட்களைச் சுட்டதால் வந்தவை என்று வேறு ஒரு கதை. வரும் பயணிக்கு 'அமைதியான இடைக்காலச் சதுக்கம்' என்று சொல்லப்படுவது இதுதான்.

இதெல்லாம் போலி, ஆகவே மோசடி என்று சொல்ல வரவில்லை. எல்லா நகரமும் கட்டப்பட்டதுதான். நான் கவனிப்பது வரிசையை. முதலில் ஆட்களை அகற்றிவிட்டுக் கல்லைக் காப்பாற்றினார்கள். பிறகு அந்தக் கல்லுக்கு ஏற்ற வாழ்க்கையைத் தேட ஆரம்பித்தார்கள். நாள்வாடகை வீடு அந்த வேலையின் அடுத்த கட்டம்: முகப்பில் செய்ததைப் படுக்கையறைக்குள் செய்வது.

3

படுக்கையறைக்குள் நுழைய சட்டம் வேண்டும். அதையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். ஸ்பெயினின் 1978 அரசமைப்பு, 47-ஆம் பிரிவில், கண்ணியமான வீட்டுக்கான உரிமையைச் சொல்கிறது. ஊகவணிகத்தைத் தடுப்பது அரசின் பொறுப்பு என்றும் சொல்கிறது. 1985-இல் வந்த ஆணை, வாடகை ஒப்பந்தங்களின் கட்டாய நீட்டிப்பைப் புதிய ஒப்பந்தங்களுக்கு எடுத்துவிட்டது. 1994 வாடகைச் சட்டம் ஐந்து ஆண்டு பாதுகாப்பு தந்தது. 2013 திருத்தம் அதை மூன்றாகக் குறைத்தது. (2019-இல் மறுபடி ஐந்தானது.) அதே 2013 திருத்தம் சுற்றுலா வாடகையை வாடகைச் சட்டத்துக்கு வெளியே தூக்கிப் போட்டது. வங்கிகள் ஜனங்களை வீட்டைவிட்டு வெளியேற்றிக்கொண்டிருந்த நெருக்கடிக் காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

1994 சட்டத்தில் ஒரு சொற்றொடர் இருக்கிறது: 'குடியிருப்பு அல்லாத பயன்பாடு'. கடைக்கு விடுவது இதில் வரும். பருவகால வாடகையும் இதில்தான் வரும். அதே கட்டில், அதே அடுப்பு, அதே ஜன்னல். ஒப்பந்தத்தில் 'பருவம்' என்று எழுதிவிட்டால் அது குடியிருப்பு கிடையாது. 2024 மார்ச்சில் கத்தலோனியாவில் வாடகை உச்சவரம்பு வந்தபோது பல உரிமையாளர்கள் இந்தச் சொல்லின் வழியாகத்தான் தப்பித்துப் போனார்கள். சொல்லுக்கு என்ன அதிகாரம் என்று கேட்பவர்கள் இதைப் பார்க்கலாம்.

தமிழ் இந்த வேறுபாட்டைத் தன் வினையிலேயே வைத்திருக்கிறது. தங்குவது வேறு, குடியிருப்பது வேறு. சத்திரத்தில் தங்கலாம், குடியிருக்க முடியாது. குடித்தனம் என்றால் அடுப்பு, பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டுச் சண்டை, தண்ணீர் வரவில்லையென்று மனு கொடுப்பது எல்லாம் சேர்ந்தது. குடிமக்கள் என்ற சொல்லும் அந்த வேரிலிருந்துதான் முளைக்கிறது. 'அங்கே வாழுங்கள்' என்ற முழக்கம் தங்குகிறவருக்குக் குடியிருப்பின் சுவையை விற்கிறது. குடியிருப்பின் பொறுப்பு எதையும் விற்பதில்லை. மனு கொடுக்க ஆளில்லாத தெருவை யார் வேண்டுமானாலும் ஆளலாம்.

விருந்தோம்பல் என்றுகூடச் சொல்கிறார்கள். விருந்து என்ற சொல் புதுமையைக் குறித்தது; புதிதாய் வருகிறவர் விருந்தினர். ஓம்புவதற்கு வீட்டில் ஒருவர் இருக்க வேண்டுமில்லையா? கதவோரச் சாவிப்பெட்டியில் எண்ணை அழுத்தினால் சாவி விழுகிறது. வரவேற்க ஆள் இல்லை. வந்தவர் போனதும் விரிப்பை மாற்றிக் கழிவறை கழுவும் பெண் மட்டும் உண்டு. அவளுக்கு விளம்பரத்தில் 'துப்புரவுக் கட்டணம்' என்று பெயர். விடுதிகளில் இதே வேலை செய்யும் பெண்கள் ஸ்பெயினில் 'லாஸ் கெல்லிஸ்' என்று அமைப்பானார்கள். 'துப்புரவு செய்கிறவர்கள்' என்ற ஸ்பானியத் தொடரின் மேல் விளையாடி எடுத்த பெயர் அது. ஒரே கூரையின் கீழ் சந்தித்துக்கொள்வதால் அவர்களுக்கு அது முடிந்தது. வீடு வீடாகச் சிதறிக் கிடக்கும் வேலையில் ஒருவரையொருவர் பார்ப்பதே அரிது.

4

எதிர்வாதங்கள் உண்டு. ஓய்வூதியம் போதாத ஒரு கிழவி ஓர் அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறாள், அதைக் கெடுக்கலாமா என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கத்தலோனியாவில் 'சுற்றுலாப் பயன்பாட்டு வீடு' என்ற உரிமம் முழு வீட்டுக்கானது. உரிமையாளர் உள்ளே இருந்துகொண்டு அறையை மட்டும் விடுவது வேறு வகை. 2024 ஜூனில் மேயர் ஜாவ்மே கொல்போனி அறிவித்தாரே, 10,101 உரிமங்கள் 2028 நவம்பருக்குப் பிறகு தொடராது என்று, அந்த 10,101-ம் யாரும் குடியில்லாத வீடுகள். கிழவியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நிற்பவர் வேறு யாரோ. அந்த அறிவிப்புக்கு அடிப்படையான 2023-ஆம் ஆண்டு கத்தலான் ஆணையை ஸ்பெயினின் அரசமைப்பு நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது.

இன்னொரு பக்கம், 2024 ஜூலை 6 ஊர்வலம். ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள், கோரிக்கை வைத்தார்கள். உலகப் பத்திரிகைகள் எடுத்துக்கொண்டது தண்ணீர்த் துப்பாக்கியை மட்டும். மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பயணி நனைந்தார். உரிமையாளரும் முதலீட்டாளரும் 2013 திருத்தமும் நனையவில்லை. பயணியை எதிரியாக்குவது சுலபம்; அவர் நாலு நாளில் போய்விடுவார், திருப்பிச் சண்டைக்கு வரமாட்டார். அதனாலேயே அது பலவீனமான அரசியல்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது எதிர்ப்பின் மொழி. 'எங்கள் அசல் வட்டாரம் அழிகிறது' என்கிற குரலைக் கேளுங்கள். அசல் என்ற சொல் விளம்பரத்திலும் இருக்கிறது, பதாகையிலும் இருக்கிறது. அசலின் பெயரால் வாதாடினால், கல்லைப் பெயர்த்து நட்டவர்களின் தர்க்கத்துக்குள்ளேயே நின்று பேசுகிறோம். பக்கத்திலேயே ராவல் வட்டாரம். பாகிஸ்தானிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர் அங்கே கடை வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், வாடகை கட்ட முடியாமல் தவிக்கிறார்கள். அசல் என்று கோடு கிழித்தால் இவர்கள் எந்தப் பக்கம்? பழமையை அளவுகோலாக்கினால் இவர்கள் வெளியே. குடியிருப்பை அளவுகோலாக்கினால் உள்ளே.

ஆகவே என் வாதம் இதுதான். பாதுகாக்கப்பட வேண்டியது பழமை இல்லை, குடி. பூர்வீகம் கேட்காத, அடுப்பெரிகிறதா என்று மட்டும் கேட்கிற குடி. அதா கொலாவ் போன்றவர்கள் 2009-இல் அடமானத்தால் பாதிக்கப்பட்டோருக்கான மேடையைத் தொடங்கியபோது யார் அசல் என்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை; வெளியேற்ற வந்தவர்களின் முன்னால் வாசலில் போய் நின்றார்கள். அந்த மேடையிலிருந்து வந்த கொலாவே 2015-இல் மேயரும் ஆனார். எட்டு ஆண்டுப் பதவியில் அவர் செய்ததையும் விட்டதையும் பற்றிச் சண்டை போடலாம். வாசலில் நின்றதன் தர்க்கம் சரியானது.

பண்பாட்டு விமர்சகர்களான நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. அன்றாடம், மண்வாசனை, அசல் என்ற சொற்களை இனி எழுதும்போது, அவற்றுக்கு நாள்வாடகை எவ்வளவு என்று ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுவோம்.