தேதிக்கு ஒரு அதிகாரம்

நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள். தேதிக்கு ஒன்றாக வாசித்தால் ஒரு மாதத்தில் புத்தகம் முடியும். நம் சபைப் பெண்கள் பலருக்கு இது காலை வழக்கம். அடுப்பில் உலையை வைத்துவிட்டு, பிள்ளைகள் எழுவதற்குள் ஒரு அதிகாரம், ஒரு சின்ன ஜெபம். ஞானம் குறைவாக இருந்தால் கடவுளிடம் கேட்டுப் பெறலாம் என்று யாக்கோபின் நிருபம் தருகிற நம்பிக்கையை அன்றாடத்துக்குள் கொண்டுவர இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆனாலும், இந்த ஞானத்தைப் பெண்களுக்கு நாம் கற்றுக்கொடுக்கும் விதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

முதலில் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். நீதிமொழிகள் தெருவிலும் சந்தையிலும் நடமாடுகிற புத்தகம். கள்ளத்தராசு, கோள், கோபம், பக்கத்து வீட்டுக்காரர், கடன் என்று நம் கையில் தினமும் புரளுகிற காரியங்களே அதில் நிறைய. ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். பிறனுக்குப் பிணைப்பட்டவன் தன் வாய்வார்த்தையாலேயே சிக்கிக்கொண்டான், தூங்கப் போவதற்கு முன் ஓடிப்போய், தாழ்ந்து கேட்டாவது விடுவித்துக்கொள்ளட்டும் என்கிறது. பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் பிரித்துக் கட்டுகிற குழு லோன் நடக்கும் தெருவில், இதைவிட நேரான ஆலோசனை எங்கே கிடைக்கும்? அதைக் காலையில் வாசித்தவள், மீட்டிங்கில் பேனாவை நீட்டும்போது, “நாளைக்குச் சொல்றேன் அக்கா” என்று ஒரு நாள் தவணை கேட்பாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாத்தனார் போட்ட குத்தலுக்குச் சுடச்சுட அடித்த பதிலை அனுப்பாமல் அழிப்பாள். அந்தச் சின்ன நிதானம்தான் இந்தப் பழக்கத்தின் கனி. ஜெபம் அதற்கு வேண்டிய அவகாசத்தைத் தருகிறது.

புத்தாண்டு ஆராதனையில் கையில் வந்த வாக்குத்தத்த அட்டையை வைத்தே வீடு வாங்குவதையும் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதையும் முடிவு செய்கிறவர்கள் உண்டு. அது யோசிக்கும் பொறுப்பைச் சீட்டுக் குலுக்கலிடம் ஒப்படைப்பது. அதற்கு இதற்குமேல் இடம் தர வேண்டியதில்லை.

பெரிய குறை வேறு. பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில் பெண்களுக்கென்று எடுக்கப்படுவது பெரும்பாலும் முப்பத்தோராம் அதிகாரம் மட்டும். 31 தேதியுள்ள மாதங்கள் வருடத்தில் ஏழுதான், ஆனால் பிரசங்கத்தில் அந்த அதிகாரத்துக் குணசாலியான பெண்ணுக்கு ஓய்வே இல்லை. அவளிலும் விடியுமுன் எழுந்து வேலை செய்கிற பாதியே நமக்குக் காட்டப்படுகிறது. அவள் ஒரு வயலை விசாரித்து வாங்குகிறாள், தன் சம்பாத்தியத்தில் திராட்சைத்தோட்டம் போடுகிறாள், நெய்த துணியை வியாபாரிகளுக்கு விற்கிறாள். இந்தப் பாதியைப் பிரசங்கத்தில் கேட்பது அபூர்வம்.

அபிகாயிலுக்கும் இதே கதிதான். தாவீதின் முன் பணிந்து, இனிமையாகப் பேசிக் கோபத்தைத் தணித்தவள் என்று அவளைப் புகழ்கிறோம். உண்மைதான். ஆனால் அவள் 200 அப்பங்களையும் சமைத்த ஐந்து ஆடுகளையும் கழுதைகள்மேல் ஏற்றி அனுப்பியது கணவன் நாபாலுக்குத் தெரியாமல். தாவீதின் முன் நின்று நாபாலைப் புத்தியற்றவன் என்றே சொன்னாள். திரும்பி வந்தபோது அவன் குடிவெறியில் கிடந்தான், விடியும்வரை அவள் வாய் திறக்கவில்லை. வெறி தெளிந்த பிறகு நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். எப்போது பேசுவது, எப்போது அடக்குவது, எப்போது கேளாமலே செய்வது என்ற மூன்றும் சேர்ந்ததுதான் அவள் ஞானம். நாம் அடக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, குடித்துவிட்டு அடிக்கிறவனோடு வாழும் பெண்ணிடம் “பொறுத்துக்கோ, ஜெபம் பண்ணு” என்று கொடுத்தனுப்புகிறோம். அப்படிச் சொல்கிறவர்களுக்கு அவள்மேல் அன்பு இருக்கலாம். அபிகாயிலை அவர்கள் முழுதாக வாசிக்கவில்லை.

இந்தக் குறை மிகக் கூர்மையாகத் தெரிவது சொத்தில். அப்பா அடக்கமாகிச் சில மாதங்களில் அண்ணன் விடுதலைப் பத்திரத்தோடு வருவார். “உனக்குத்தான் கல்யாணத்துக்கே செஞ்சாச்சே.” ஜெபக்கூட்டத்து மூத்த அக்காவிடம் கேட்டால், “கூடப் பிறந்தவங்களோட மண்ணுக்காகச் சண்டை போடலாமா? கர்த்தர் பார்த்துக்குவார்” என்பார். மனதார விட்டுக்கொடுப்பது கிறிஸ்தவ குணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பதை அறிந்தவள் விட்டுக்கொடுத்தால்தான் அது கொடை. அறியாதவளிடம் வாங்கும் கையெழுத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. திருவிதாங்கூரில் முன்பு அந்தச் சமத்துவம்கூட இருக்கவில்லை. அங்கே 1916-ஆம் ஆண்டுச் சட்டம், மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதை மகளுக்கு வைத்தது. அதை எதிர்த்து மேரி ராய் என்ற பெண் உச்ச நீதிமன்றம்வரை போய் 1986-இல் சம பங்குக்குத் தீர்ப்பு வாங்கினார்.

பரத்திலிருந்து வரும் ஞானத்துக்கு யாக்கோபு சொல்லும் அடையாளங்களில் சமாதானமும் சாந்தமும் உண்டு, பட்சபாதம் இல்லாமையும் உண்டு. எனவே எந்த ஆலோசனையையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: இதையே அண்ணனிடமும் சொல்வோமா? அவரும் அதே சபையில் திருவிருந்து எடுக்கிறவர்தானே. “சமாதானத்துக்காகத் தங்கச்சிக்குப் பாதியைக் கொடுத்துடுங்க” என்று அவர் வீட்டுக்குப் போய் யாரும் ஜெபிப்பதில்லை. சமாதானத்தின் விலையை எப்போதும் ஒருவரே கட்டுகிறார் என்றால், அங்கே நடப்பதற்கு ஞானம் என்று பெயர் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெண் கேட்க ஆரம்பித்தால் குடும்பம் உடையும் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உடைந்த குடும்பங்கள் உண்டு. அந்தப் பயத்தையும் வேதம் பதிவு செய்திருக்கிறது. எண்ணாகமத்தில் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கும் சபை அனைத்துக்கும் முன் நின்று தகப்பனின் பங்கைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி என்று கடவுளே சொன்னார். பிறகு வம்சத்துத் தலைவர்கள், பெண்கள் வெளியே கட்டிப் போனால் நிலமும் போய்விடுமே என்று முறையிட்டபோது, பங்கு பறிக்கப்படவில்லை. சொந்தக் கோத்திரத்தில் மணம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. ஐவரும் அதை ஏற்றுத் தகப்பனுடைய சகோதரர்களின் மக்களை மணந்தார்கள். காலம் போய், மோசே இறந்து, யோசுவா நிலத்தைப் பங்கிட்டபோது, தங்களுக்குச் சொல்லப்பட்டது தானாக வரும் என்று அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. ஆசாரியனுக்கும் யோசுவாவுக்கும் முன் மறுபடி போய் நின்று கேட்டு, நிலத்தை வாங்கினார்கள்.