துணியில் இல்லாத அலை

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பாருங்கள். பாவும் ஊடும் சன்னமாக ஓட, நடுவில் கட்டம் கட்டமாகக் காற்றுப் போகும் சந்து. அதையே படம் எடுத்து விலைப்பட்டியலுக்காகச் சிவகாசியில் அச்சடித்தால், சில சமயம் துணி முழுக்க அலை அலையாக ஏதோ ஓடும். துணியில் அப்படி ஒன்றும் கிடையாது. நூலின் கட்டமும் பிக்சலின் கட்டமும் மோதிக்கொண்டதில் பிறந்த பொய் அது. மொய்ரே என்பார்கள். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டு லேசாகத் திருப்பினால் தெரிவதும் இதுதான்.

டிஜிட்டல் படம் ஒழுங்காக அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க எனக்கு இந்தத் துணிதான் உரைகல். முகத்தில் ஏமாற்றிவிடலாம், பேண்டேஜ் துணியில் முடியாது.

6000 பிக்சல் அகலமுள்ள படத்தை 5 அங்குலத்துக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று இறக்கினால் மிஞ்சுவது 1500. நாலுக்கு ஒன்று. மூன்றை எறிந்துவிட்டு நாலாவதை மட்டும் பொறுக்குவது சோம்பேறி வழி. பொறுக்கியது நூலில் விழுந்தால் வெள்ளை, சந்தில் விழுந்தால் இருட்டு, அலை கிளம்பிவிடும். அக்கம்பக்கத்துப் பிக்சல்களையும் சேர்த்து, வடிகட்டி, ஒன்றாக்குவதே நல்ல வழி. அப்போது நூல் தனித்தனியாகத் தெரியாது. துணியின் வெண்மை மட்டும் பஞ்சுபோல நிற்கும். காட்ட முடியாததைக் காட்டியதாகப் பாவனை செய்யாத அந்த மங்கல்தான் என் கண்ணுக்கு அழகு.

ஆப்செட்டில் இன்னொரு கட்டம் காத்திருக்கிறது. மைப்புள்ளிகளின் திரை, அங்குலத்துக்கு 150, 175 வரிசை. சயான் 15, மெஜந்தா 75, கறுப்பு 45, மஞ்சள் 0 டிகிரி என்று நான்கையும் சாய்த்து வைப்பதே அவை தங்களுக்குள் முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். திரை வரிசையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு பிக்சல் வேண்டும் என்ற கணக்கில்தான் அச்சகங்களில் 300 என்ற எண் மந்திரமானது.

பெரிதாக்குவது வேறு வித்தை. ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் கோபுரம் 11 நிலை, சுமார் 192 அடி. அதை நெட்டாக எடுத்த படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. உயரம் 1600 பிக்சல்தான். “300-ல மாத்திக் குடுங்கண்ணே” என்று கடையில் கேட்டேன். ஒரே சொடுக்கில் மாற்றிக் கொடுத்தார். எண் மாறியதே தவிர பிக்சல் ஒன்றுகூட ஏறவில்லை, தாளில் உயரம் சுமார் ஐந்தேகால் அங்குலமாகச் சுருங்கியதுதான் மிச்சம். டப்பாவில் லேபிளை மாற்றி ஒட்டினால் பால்கோவா கூடுமா?

நிஜமாகவே ஏற்ற வேண்டுமானால், இல்லாத பிக்சலை ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். பக்கத்திலிருப்பதை அப்படியே நகலெடுத்தால் கோபுரத்தின் சாய்ந்த விளிம்பு படிக்கட்டாகிவிடும். சுற்றியுள்ள 4 பிக்சலைக் கேட்டு நிரப்புவது பைலீனியர், 16-ஐக் கேட்பது பைக்யூபிக். பின்னதன் பரவலான வடிவத்தை 1981-ல் எழுதியவர் ராபர்ட் கீஸ். ஹங்கேரியக் கணித மேதை லான்சோஸ் பெயரில் உள்ள முறை இன்னும் கூராகக் காட்டும். ஆனால் கலசத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று முளைக்கும். அதன்மேல் ஷார்ப்பனையும் ஏற்றினால், கோபுரத்தைக் கத்தரியால் வெட்டி வானத்தில் ஒட்டியது போலாகிவிடும். முதல் தடவை எனக்குக் கிடைத்த பிரிண்ட் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது தடவை பைக்யூபிக்கில் மூன்று மடங்காக நானே ஏற்றி, கூர்மையை லேசாகத் தொட்டு, 16 அங்குல உயரத்துக்குக் கொடுத்தேன்.

ஓர் அடி தூரத்தில் கண்ணால் பிரித்தறிய முடிவது அங்குலத்துக்கு ஏறக்குறைய 290 புள்ளிதான். மூன்றடி தள்ளி நின்றால் நூற்றுக்கும் கீழே. முப்பதடி உயரே கட்டுகிற ஃபிளெக்ஸுக்குப் பத்தே போதும். என் படத்தில் நிஜச் சரக்கு அங்குலத்துக்கு 100.

அதனால் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தால் மாடங்களும் கொடுங்கைக் கோடுகளும் ஈர மண்போலக் கரைந்திருக்கும். பின்னால் நகர நகர நிலைகள் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொள்ளும். மூன்றடியில் பதினொன்றையும் எண்ணிவிடலாம். படத்துக்கு நேர் கீழே சோபாவைப் போட்டுவிட்டேன். வருகிறவர்கள் அதைத் தாண்டிக் கிட்டே போக முடியாது.