ஒரு முழம் றப்பர் குழாய்

பழைய காரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் பெயின்றைப் பார்ப்பார்கள். அடுத்தது குரோமியப் பூச்சு, அதற்கடுத்தது இருக்கைத் தோல். பொனற்றைத் திறந்தால் எஞ்சின் துடைத்துப் பளபளக்கிறதா என்று ஒரு பார்வை, அவ்வளவுதான், மூடிவிடுவார்கள். ஒரு காரைப் பேணியவரின் தரம் இவற்றில் எதிலும் தெரியாது என்பது என் கட்சி. ரேங்கிலிருந்து பம்புக்கும் பம்பிலிருந்து காபரேற்றருக்கும் எரிபொருளைக் கொண்டுபோகும் குழாய் இருக்கிறதே, அங்கேதான் அது தெரியும். காரில் விலை குறைந்த பொருள்களில் அதுவும் ஒன்று. கண்ணில் படாது, யாரும் பாராட்டமாட்டார்கள், கெட்டால் காரையே கொளுத்திவிடும். அதில் அக்கறை காட்டியவர் வேறெதிலும் குறை வைத்திருக்கமாட்டார். பெயின்றில் அக்கறை காட்டியவரைப் பற்றி அப்படி உறுதி சொல்ல முடியாது. இந்தக் கட்சிக்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்று லண்டன் கண்காட்சிகளில் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் தண்ணீரூற்று, முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று வன்னி வீதிகளில் மண்ணெண்ணெய்யில் ஓடிய மொரிஸ் மைனர்களிலும் ஒஸ்ரின்களிலும்தான் இருக்கிறது.

1990இன் நடுப்பகுதியில் இலங்கையில் மறுபடி போர் தொடங்கியதும் வடக்குக்குப் பெற்றோல் போவது தடுக்கப்பட்டது. வன்னிக்கு அந்தத் தடை 2002 தொடக்கம்வரை நீடித்தது. விளக்குக்கும் அடுப்புக்கும் என்று மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டோடு வந்தது. இந்த இரண்டு எண்ணெய்களுக்கும் உள்ள தூரம் கொஞ்சமல்ல. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸிலேயே பற்றக்கூடிய ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கு அதற்கே 38 பாகைக்கு மேல் வேண்டும். பெற்றோலின் ஒக்ரேன் எண், அதாவது அமுக்கத்தில் தானே வெடித்து இடிக்காமல் தாங்கும் அளவு, 90ஐ ஒட்டியது. மண்ணெண்ணெய்யினது 30ஐக்கூடத் தொடாது. குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய்யை விட்டால் அது ஆவியாகாமல் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி, கீழே எஞ்சின் ஓயிலோடு போய்க் கலக்கும். எஞ்சின் சூடேறிவிட்டாலோ அதே எண்ணெய் வேலை செய்யும். பெற்றோமக்ஸ் விளக்கை ஸ்பிரிற்றால் சூடாக்கிவிட்டுத்தானே பம்ப் அடிப்போம், அதே கணக்குத்தான். (வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் ஊர்ப்பக்கம் இது. அது அம்மாளின் அற்புதம். காரில் நடந்தது வெறும் வெப்பத்தின் கணக்கு.)

எனவே முறை இப்படி அமைந்தது. சிறிய கொள்கலன் ஒன்றில் அருமையாகச் சேர்த்துவைத்த கொஞ்சப் பெற்றோல். அதில் எஞ்சினைக் கிளப்பிச் சூடேறவிட்டு, பிறகு எண்ணெய்க் குழாயின் திறப்பைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. காரை நிறுத்துவதற்குச் சற்று முன்னரே மறுபடி பெற்றோலுக்கு மாற்றவேண்டும். இல்லாவிட்டால் காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நின்றுவிடும், அடுத்த நாள் கார் எழும்பாது. பிரிட்டிஷ் உழவு இயந்திரங்களில் இதே ஏற்பாடு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்ததுண்டு. மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய எண்ணெயில் ஓடிய பழைய ஃபேர்கசன் ரகங்கள் பெற்றோலில் கிளம்பி, சூடேறிய பின் மாறிக்கொள்ளும். தோட்டத்துத் தண்ணீர்ப் பம்புகளிலும் பெற்றோலுக்கென்று ஒரு சின்ன ரேங்க் தனியாக இருக்கும். ஆக, தத்துவம் புதிதல்ல. அதற்கென்று செய்யப்படாத காருக்குள் அதைக் கொண்டுவந்து, வருடக்கணக்காக ஓடவிட்டதுதான் கைத்திறன்.

ஏன் அந்தப் பழைய கார்கள்? மொரிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1952இலிருந்து அதில் வந்த 803 சீசீ எஞ்சினின் அமுக்க விகிதம் 7.2க்கு 1. இன்றைய எஞ்சின்களோடு பார்த்தால் இது மிகக் குறைவு, ஆகவே ஒக்ரேன் குறைந்த எண்ணெயையும் அதிகம் இடிக்காமல் சகித்துக்கொண்டது. தீப்பொறி ரைமிங்கைச் சற்றுப் பின்தள்ளினால் போதும். அதன் எஸ்யு காபரேற்றர் இன்னும் இணக்கமானது. அடியிலுள்ள அறுபட்டை நட்டை ஒரு பட்டை, ஒரு பட்டையாகத் திருப்பினால் எண்ணெய்க் கலவை கூடும், குறையும். மண்ணெண்ணெய் பெற்றோலைவிடக் கனமானது. மிதவை சற்று முந்தியே மேலெழுந்து வழியை அடைத்துவிடும். அதையும் அந்த நட்டிலேயே சரிக்கட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த எஞ்சினில் உள்ளிழுக்கும் குழாயும் புகை போகும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. மண்ணெண்ணெய்யை ஆவியாக்கும் சூடு அங்கிருந்துதான் கிடைத்தது.

றப்பர் குழாயின் கதை இங்கேதான் தொடங்குகிறது. எண்ணெய்க்கு உயிர் கொடுத்த அந்தச் சூடே குழாய்க்கு எமன். இயற்கை றப்பர் பெற்றோலிலும் மண்ணெண்ணெய்யிலும் ஊதிப் பொருமும், பிறகு கொழகொழத்து உள்ளே உதிரும். உதிர்ந்த துகள் காபரேற்றரின் ஊசித்துளையில் போய் அடைக்கும். எண்ணெயைத் தாங்கும் நைத்திரைல் றப்பர் 1930களில் ஜேர்மனியில் உருவாகி உலகெங்கும் பரவியிருந்தது. ஆனால் தடை உள்ள ஊரில் அது கடையில் கிடைக்குமா? கையில் அகப்பட்ட பிளாஸ்ரிக் குழாயைப் போட்டாலோ, அதை வளையவைக்கும் சேர்மத்தைப் பெற்றோல் கரைத்து எடுத்துவிடும். சில மாதத்தில் குழாய் விறைத்து, கிளிப்புக்குக் கீழே கீறல் விழும். இவ்வளவும் போதாதென்று, இரண்டு எண்ணெய்க்கு மாறும் ஏற்பாட்டில் பொருத்துகளும் கூடின. கார் செய்தவன் நினைத்ததைவிட அதிகமான குழாய் முனைகள், ஒவ்வொன்றும் ஒழுகக் காத்திருக்கும் இடம். கீழே கொதிக்கும் புகைக்குழாய்.

இந்த நிலையில் ஒரு காரை ஒழுகாமல் ஓட்டிய கையின் வேலையை நின்று ரசிக்கத்தான் வேண்டும். நல்ல வேலைக்கு அடையாளங்கள் உண்டு. குழாயின் முனை கூரான பிளேட்டால் செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கும், கத்தரிக்கோலால் நசுங்கியிருக்காது. முறுக்கி ஏற்றாமல் நேரே தள்ளி ஏற்றியிருக்கும். கிளிப் நிற்குமிடம் உலோக முனையின் மேட்டுக்குப் பின்னால்; மேட்டின்மேல் அல்ல. இறுக்கமும் அளவோடு, றப்பரைக் கடிக்காமல். எஞ்சின் தன் தாங்கிகளில் அசையும்போது இழுபடாதபடி குழாயில் சிறிது தொய்வு விட்டிருக்கும். அந்தத் தொய்வு புகைக்குழாய்ப் பக்கம் சாயவும் கூடாது. இவற்றில் ஒன்றுக்குக்கூட இறக்குமதிச் சாமான் தேவையில்லை. கண்ணும் பொறுமையும் இருந்தால் ஆகும். மொரிஸின் மின்சாரப் பம்ப் எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று சில தரம் அடித்து, கிண்ணம் நிரம்பியதும் ஓய்ந்துவிடும். ஓயாமல் மெல்ல மெல்ல அடித்துக்கொண்டிருந்தால் பம்புக்கு அப்பால் எங்கோ எண்ணெய் கசிகிறது. படபடவென்று அடித்தால் ரேங்கில் எண்ணெய் இல்லை, அல்லது பம்புக்கு முன்னால் குழாயில் வெடிப்பு. அங்கே எண்ணெய் வெளியே வராது, காற்று உள்ளே போகும். துணியால் துடைத்துத் தேடினாலும் ஈரம் அகப்படாது. இந்த வேறுபாட்டைக் காதால் பிரித்தறிகிறவர் ரசிகர் என்ற பெயருக்கு உரியவர்.

இதற்கு மறுப்புகள் வரும். வாழ வழியில்லாதபோது செய்ததைக் கலை என்று கொண்டாடலாமா என்பது முதலாவது. கேள்வி நியாயமானது, தடை போட்டவர்களுக்கு இதில் ஒரு துளிப் பெருமையும் போகக்கூடாது. ஆனால் நெருக்கடி எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது, வேலை ஒன்றாக இருக்கவில்லை. ஒரே ரகக் கார் ஒருவர் கையில் ஊரையே புகையால் மூடியது, இன்னொருவர் கையில் சூடேறிய பின் ஓரளவு சுத்தமாக ஓடியது. இப்படித் தரம் பிரிகிற இடத்தில் ரசனைக்கு வேலை உண்டு. கட்டாயத்தில் பிறந்ததெல்லாம் கலையல்ல என்றால் வள்ளமும் மண்பானையும்கூடக் கலையாகாது.

மண்ணெண்ணெய் எஞ்சினைக் கெடுத்தது என்பது இரண்டாவது மறுப்பு. அதை மறுக்கமாட்டேன். ஓயில் நீர்த்தது, கரி படிந்தது, வால்வுகள் எரிந்தன. அந்தப் புகையை மூச்சில் வாங்கியவர்களின் நெஞ்சும் சும்மா இருந்திருக்காது. பெற்றோல் கலந்த மண்ணெண்ணெய் தவறி வீட்டு விளக்குக்குள் போனால் வரும் ஆபத்தைச் சொல்லவே வேண்டாம். எஞ்சினுக்கு நல்லது என்று சொல்லி இந்த முறையை நான் மெச்சவில்லை. ஓயிலை அடிக்கடி மாற்றி, குழாய்களை நேரத்தோடு மாற்றி, வரக்கூடிய கேட்டை அளவுக்குள் வைத்திருந்த கணிப்பைத்தான் மெச்சுகிறேன். இன்று யாரும் இதைத் திரும்பச் செய்யவேண்டியதில்லை. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபோது மலிவு என்ற காரணமும் பெரிதும் போனது.

மூன்றாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து, அசலை விரும்புகிறவர்களிடமிருந்து வருகிறது. தொழிற்சாலையில் போட்ட குழாயே வேண்டும், துணி நெய்த மேலுறை உட்பட எல்லாம் பழையபடி இருக்கவேண்டும் என்பார்கள். மேலுறை பழையபடி இருக்கட்டும், அழகுதான். ஆனால் ஐம்பது வருட றப்பருக்கு மரியாதை செய்வதாக நினைத்து அதை விட்டுவைப்பது பக்தியல்ல, அசட்டை. காபரேற்றருக்குப் பதில் இன்ஜெக்சன் பொருத்திய பழைய கார்களில் இந்த அசட்டைக்கு மன்னிப்பே கிடையாது. மைனரின் பம்ப் வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் மெதுவாகத் தள்ளும். பொஷ் நிறுவனம் 1967இல் கொண்டுவந்த மின்னணு இன்ஜெக்சன் ஏறத்தாழ இரண்டு மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தள்ளியது. பின்னர் வந்தவை அதற்கும் மேல். மைனரில் சொட்டாக விழுவது இங்கே பீச்சியடிக்கும். ஆகவே இன்ஜெக்சனுக்கென்று தரம் குறித்த, உள்ளே ஃபுளோரோ றப்பர் பூசிய குழாய்தான் வேண்டும். கிளிப்பும் பல் வெட்டியதாக இல்லாமல் உட்பக்கம் மழமழப்பானதாக இருக்கவேண்டும். பழைய குழாயை இன்ஜெக்ரர் முனையிலிருந்து எடுக்கையில் நீளவாக்கில் சரித்துக் கீறி உரிக்கவேண்டும்; பிளேட் உலோகத்தில் ஒரு கோடு போட்டாலும் அந்தக் கோட்டின் வழியே புதுக் குழாயும் கசியும். வன்னி மெக்கானிக்கின் ஒட்டுவேலை இங்கே செல்லாது. ஆனால் அவருடைய கண் செல்லும். எதில் சமாளிக்கலாம், எதில் கூடாது என்று பிரித்தறிந்ததும் அதே கண்தான்.

அந்தக் கார்களில் எத்தனை மிஞ்சின என்பது வேறு கதை. 2009இல் இடம்பெயர்ந்த மக்களோடு போன வாகனங்கள் முள்ளிவாய்க்கால் மணலில் எரிந்தும் துருப்பிடித்தும் குவிந்து கிடந்தன. தப்பிய ஒன்றிரண்டு இப்போது சேகரிப்பாளர் கைக்குப் போய்ப் புதுப் பெயின்ற் பூசிக்கொள்கின்றன. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வன்னியில் ஓடிய காரை வாங்கிப் பொனற்றைத் திறக்கும்போது, தொழிற்சாலைப் படத்தில் இல்லாத ஒரு எண்ணெய்த் திறப்போ, காரணம் தெரியாத ஒரு குழாய்த் துண்டோ கண்ணில் பட்டால் குப்பையில் போடாதீர்கள். கழற்றி, எந்த முனை எதில் பொருந்தியிருந்தது என்று எழுதி ஒரு பெட்டியில் வையுங்கள். அதைப் பொருத்திய மெக்கானிக் உயிரோடு இருந்தால் போய்க் கேட்டு, அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள். காருக்குப் புதுக் குழாய் போடுங்கள்.