சந்தகையின் பக்குவம்

உணவு விடுதிகளின் வாயிலாகக் கொங்கு நாட்டின் காரசாரமான கறி வகைகளுக்கே இந்நாளில் கீர்த்தி ஏற்பட்டிருக்கிறதென்றாலும், அந்நாட்டாரின் ருசியை உள்ளபடி அறிய விரும்புகிறவர் முதலில் கேட்டு வாங்கி உண்ண வேண்டியது சந்தகையே என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இதனை இடியாப்பத்தின் உடன்பிறப்பாகக் கருதுவோர் பலர். இடியாப்பத்துக்கு மாவைப் பிழிந்து பிறகு வேகவைப்பார்கள். சந்தகைக்கோ, ஊறிய புழுங்கலரிசியை மையாக அரைத்து, புளிக்க விடாமல், இட்டிலித் தட்டில் வேகவைத்த பின்னரே பிழிவார்கள். கன்னட நாட்டு ஒத்து சாவிகெயும் இம்முறையைச் சேர்ந்ததே. வெந்த அரிசியின் மாச்சத்து ஆற ஆற இறுகும் இயல்புடையதாகையால், ஆவி பறக்கும்போதே ஒருவர் அதை எடுத்து மூன்று கால்களில் நிற்கும் நாழியில் இட, மற்றொருவர் மேற்பிடியைத் திருக, வேறொருவர் கீழே வாழையிலையை வட்டமாக நகர்த்தி ஏந்திக்கொள்ள வேண்டும். சற்றே தாமதித்தாலும் திருகுகிறவருக்குத் தோள் கடுக்கும். இழையும் அறுந்து அறுந்து விழும். பக்குவம் கூடி வந்ததோ, இழைகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளாமல், மெல்லிய பளபளப்புடன் நீளமாக இறங்கும் அழகைக் கண்ணாரக் காணலாம்.

அரைக்கும் பிரயாசையை, கோயமுத்தூரிலேயே பிறந்து, புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட வெட் கிரைண்டர் நீக்கிவிட்டது. ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து மணிக்கணக்காகக் கை சோர்ந்த பெண்மக்களை நினைக்கையில், அந்த யந்திரத்தைக் குறைகூற எனக்கு மனம் வருவதில்லை. கல்லால் அரைபடும் மாவின் மென்மைக்கும் அதனால் பங்கம் நேர்ந்ததில்லை. ஆனால், சேவை என்ற பெயரில் உலர்த்திப் பொட்டலமாக விற்கப்படும் சந்தகையைப் பற்றி அவ்விதம் சொல்ல இயலாது. அவசரமான காலை வேளைக்கு அது சௌகரியமே. வெந்நீரில் ஊறினால் இழையின் உருவமும் திரும்பிவிடுகிறது. நாழியிலிருந்து அப்போதே இறங்கியதன் குழைவு மாத்திரம் திரும்புவதில்லை.

உண்ணும் முறையிலும் ஒரு கிரமம் உண்டு. சூடு தணியுமுன், வெல்லமும் ஏலமும் கலந்த தேங்காய்ப்பாலை ஊற்றியோ, வறுத்த எள்ளையும் வெல்லத்தையும் பொடித்துத் தூவியோ உண்ண வேண்டும். கடுகு, கறிவேப்பிலை தாளித்து எலுமிச்சை பிழிவது ஆறிப்போன மிச்சத்துக்கு உரியது. முழுவதையும் எடுத்த எடுப்பிலேயே தாளித்துவிடும் வீடுகளில், விருந்தாளிக்குரிய சலுகையைப் பயன்படுத்தி, வெறும் சந்தகையில் ஒரு பிடி தனியே எடுத்து வைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம்.